முத்திரை இல்லாத தராசு

காய்கறிக் கடைத் தராசுக்கு அரசாங்க முத்திரை உண்டு. மின்னணுத் தராசு என்றால் வருடா வருடம் சரிபார்த்து முத்திரை வாங்கவேண்டும். இல்லையென்றால் அபராதம். பெட்ரோல் பங்க்கில் ஒரு சொட்டுக் குறைந்தாலும் சண்டைக்குப் போகிறோம். ஆட்டோ மீட்டருக்குச் சூடு வைத்திருக்கிறார்கள் என்று ஊரெல்லாம் புலம்புகிறோம். அளக்கிற கருவி சரியாக இருக்கவேண்டும் என்பதில் நமக்கு அவ்வளவு அக்கறை.

ஆனால், நிறத்தை அளந்து விற்கிற ஒரு பெரிய தொழில் நம் கண்முன்னால் நடக்கிறது. போட்டோ ஸ்டூடியோக்கள், கல்யாண ஆல்பம் டிசைன் செய்பவர்கள், பத்திரிகை அடிக்கிற அச்சகங்கள், நகைக்கடை விளம்பரம் தயாரிப்பவர்கள், வீட்டிலிருந்தபடியே இணையத்தில் புடவை விற்கிற பெண்மணிகள் என்று லட்சக்கணக்கானவர்கள் இதில் பிழைக்கிறார்கள். இவர்கள் அத்தனை பேருக்கும் தராசு ஒன்றுதான். கம்ப்யூட்டர் மானிட்டர். அதற்கு முத்திரையும் கிடையாது, சோதனையும் கிடையாது. அது என்ன காட்டுகிறதோ அதுதான் சிவப்பு, அது என்ன சொல்கிறதோ அதுதான் பச்சை.

நான் சொல்ல வருவது இதுதான். நிறத்தை நம்பிப் பிழைப்பவர்கள் மானிட்டரை மிச்சக் காசில் வாங்குகிறார்கள். அது முதல் தப்பு. அந்த மானிட்டர் சொன்ன பொய்க்கு, அதன் முன்னால் உட்கார்ந்து வேலை பார்த்த பையனின் சம்பளத்தில் கை வைக்கிறார்கள். அது தப்பு இல்லை, அநியாயம்.

முதலில் காசுக் கணக்கைப் பார்த்துவிடுவோம்.

புதிதாக ஒருவர் ஸ்டூடியோ திறக்கிறார் என்று வையுங்கள். முதலில் காமிரா வாங்குவார். பிறகு லென்ஸ், அதுவும் காமிராவைவிட அதிக விலையில். அப்புறம் ரிச்சி தெருவுக்குப் போவார். பிராசசர், ராம், கிராபிக்ஸ் கார்டு, எஸ்எஸ்டி என்று கடைக்காரர் அடுக்க அடுக்க இவர் தலையாட்டிக்கொண்டே இருப்பார். கடைசியில் பையில் ஏழாயிரமோ எட்டாயிரமோ மிஞ்சும். ‘மானிட்டர் ஏதாவது ஒண்ணு போட்டுக் குடுங்க சார். பெரிசா இருந்தாப் போதும்.’

நான் பி.காம். படித்தவன். மூலதனச் செலவில் எதற்கு முன்னுரிமை தருவது என்பதை எங்கள் வாத்தியார் ரொம்பச் சுலபமாகச் சொல்லிக்கொடுத்தார். எது கெட்டால் வியாபாரம் கெடுமோ, அதை முதலில் வாங்கு. பிராசசர் மெதுவாக இருந்தால் வேலை பத்து நிமிடம் தாமதமாகும். மானிட்டர் பொய் சொன்னால் வேலையே தப்பாகும். தாமதமானால் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். தப்பானால் தண்டம் கட்டவேண்டும். தவிர, கம்ப்யூட்டர் நாலு வருடத்தில் பழசாகிவிடும். நல்ல மானிட்டர் அதற்கு அடுத்த கம்ப்யூட்டருக்கும் உழைக்கும். தேய்மானக் கணக்குப் போட்டால்கூட முதலில் வாங்கவேண்டியது மானிட்டர்தான்.

தண்டம் என்றேனே, அது எப்படி வருகிறது என்று பார்க்கலாம்.

முகூர்த்தப் புடவை அரக்கு நிறம். டிசைனர் உட்கார்ந்திருக்கும் மலிவு மானிட்டர் பெட்டியிலிருந்து எடுத்து வைத்த நிலையிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. வெளிச்சம் உச்சத்தில் இருக்கிறது, வெள்ளையில் கொஞ்சம் நீலம் கலந்திருக்கிறது. அந்த நீலம் படத்தில் இல்லை, கண்ணாடியில் இருக்கிறது. பையனுக்கு அது தெரியாது. பெண்ணின் முகம் வெளிறித் தெரிகிறதே என்று மஞ்சளையும் சிவப்பையும் ஏற்றுகிறான். படம் ரொம்ப வெளிச்சமாக இருக்கிறதே என்று இருட்டை ஏற்றுகிறான். திரையில் எல்லாம் பிரமாதமாகிவிடுகிறது. அச்சில் வரும்போது முகம் செங்கல் நிறம், புடவை மிளகாய்ப் பழ நிறம், மண்டபத்துக்குப் பின்வரிசை மொத்தமும் அமாவாசை.

வாடிக்கையாளர் ஆல்பத்தைத் திருப்பித் தருவார். அவரைக் குறை சொல்ல முடியாது. காஞ்சிபுரம் போய், மூணு கடை ஏறி இறங்கி, இந்த அரக்குதான் வேண்டும் என்று பார்த்துப் பார்த்து எடுத்த புடவை அது. கிளிப்பச்சை, ராமர் பச்சை, மயில் கழுத்து, வாடாமல்லி, கத்தரிப்பூ என்று ஒவ்வொரு நிறத்துக்கும் தனிப் பெயர் வைத்திருக்கிற ஜனங்கள் நாம். எம்.எஸ். சுப்புலட்சுமி கட்டினார் என்பதற்காக ஒரு நீலத்துக்கே எம்.எஸ். ப்ளூ என்று பெயர் வைத்த ஊர் இது. இங்கே நிறம் மாறினால் சும்மா விடுவார்களா?

ஆக, ஆல்பம் மறுபடி அச்சாகவேண்டும். யார் செலவு? அச்சகக்காரர் ‘நீங்க அனுப்பின பைல்ல இருந்ததைத்தான் நான் அடிச்சேன்’ என்பார். அது உண்மை. ஸ்டூடியோ முதலாளி ‘டிசைன் பண்ணினவன் சரியாப் பண்ணலை’ என்பார். அது பொய். ஷீட்டுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிற அந்தப் பையனுக்கு வாதாடத் தெரியாது. பாதி மாத வருமானம் போய்விடும். ‘சார், நான் பார்த்த மானிட்டர்ல சரியாத்தான் இருந்தது’ என்று அவன் சொல்வதுதான் அந்த அறையில் பேசப்படுகிற ஒரே முழு உண்மை. அதை யாரும் காதில் வாங்குவதில்லை.

கண் இருக்கிறதே, அது சரியாகப் பார்க்காதா என்று கேட்பீர்கள். பார்க்காது. 2015 பிப்ரவரியில் ஒரு கவுன் படம் உலகத்தையே இரண்டாகப் பிரித்தது ஞாபகமிருக்கிறதா? பாதிப் பேருக்கு அது வெள்ளையும் பொன்னிறமும், மீதிப் பேருக்கு நீலமும் கறுப்பும். ஒரே திரையைப் பக்கத்தில் பக்கத்தில் நின்று பார்த்தவர்களே அடித்துக்கொண்டார்கள். நிஜக் கவுன் நீலம், கறுப்பு. அது எந்த வெளிச்சத்தில் இருக்கிறது என்று மூளை ஒரு ஊகம் செய்கிறது, அந்த ஊகத்துக்கு ஏற்ப நிறத்தைத் திருத்திக்கொள்கிறது. கண்ணுக்கு இருக்கிற இந்தக் குணத்தால்தான் நீலம் கலந்த வெள்ளையைப் பத்து நிமிடம் பார்த்தால் அதுவே வெள்ளை என்று நம்பிவிடுகிறோம்.

நம் பாட்டிமார்களுக்கு இது நன்றாகத் தெரியும். புடவைக் கடையில் ட்யூப் லைட்டுக்குக் கீழே விரித்துக் காட்டினால் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ‘வாசலுக்குக் கொண்டாப்பா, வெயில்ல பாக்கணும்’ என்பார்கள். நிறத்தைப் பார்ப்பதற்கு முன்னால் வெளிச்சத்தைச் சரிசெய்யவேண்டும் என்கிற விஞ்ஞானம் அது. அச்சுத் தொழிலில் நிறம் பார்க்க இன்ன வெளிச்சம்தான் இருக்கவேண்டும் என்று சர்வதேசத் தரக் கட்டுப்பாடே இருக்கிறது. பாட்டிக்கு அந்தத் தரத்தின் நம்பர் தெரியாது. ஆனால் வாசலுக்குப் போகத் தெரிந்திருந்தது. லட்சக்கணக்கில் காமிரா வாங்கிய பேரனுக்குத் தெரியவில்லை.

சரி, நல்ல மானிட்டராக வாங்கலாம் என்று கடைக்குப் போனால் அங்கே இன்னொரு கூத்து. அட்டைப் பெட்டி முழுக்க எண்கள். பெரும்பாலானவை வேலைக்கு உதவாதவை. சில, ஆளை ஏமாற்றவே அச்சடிக்கப்பட்டவை.

முதலில் நிறங்களின் எண்ணிக்கை. ‘16.7 மில்லியன் நிறங்கள்’ என்று பெருமையாகப் போட்டிருப்பார்கள். இது ஒரு பெருக்கல் கணக்கு. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தலா 256 படிகள். 256ஐ மூன்று முறை பெருக்கினால் 1,67,77,216. எத்தனை படிகள் இருக்கின்றன என்று மட்டும்தான் இது சொல்கிறது. ஒவ்வொரு படியும் சரியான இடத்தில் இருக்கிறதா என்று சொல்லாது. மாடிப்படியில் எத்தனை படி என்று சொல்லிவிட்டு, அது எந்த மாடிக்குப் போகிறது என்று சொல்லாத மாதிரி.

அந்தப் படிகளாவது நிஜமாக இருந்தனவா? ஒரு காலத்தில் மலிவு விலை டிஎன் வகைத் திரைகள் பலவற்றில் ஒவ்வொரு நிறத்துக்கும் 64 படிகள்தான். மொத்தம் 2,62,144 நிறங்கள். மிச்சத்தை, பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளை மாற்றி மாற்றி மின்னவிட்டுக் கண்ணுக்குப் போக்குக் காட்டிச் சமாளித்தார்கள். 2007ல் அமெரிக்காவில் ஆப்பிள் கம்பெனிமேல் இதற்காக வழக்கே போட்டார்கள். மேக்புக் திரை மில்லியன் கணக்கான நிறங்களைக் காட்டும் என்று விளம்பரம் செய்தீர்களே, நிஜத்தில் அப்படி இல்லையே என்பது புகார். பிற்பாடு கோர்ட்டுக்கு வெளியே பேசி முடித்துக்கொண்டார்கள். அவ்வளவு பெரிய கம்பெனிக்கே இந்தக் கேள்வி வந்தது என்றால் பெயர் தெரியாத அட்டைப் பெட்டியை நாம் ஏன் நம்பவேண்டும்?

அடுத்தது கான்ட்ராஸ்ட். ‘ஒரு கோடிக்கு ஒன்று’ என்று எழுதியிருக்கும். முன்னால் ‘டைனமிக்’ என்று ஒரு குட்டி வார்த்தை ஒளிந்திருக்கும். கறுப்புக் காட்சி வரும்போது பின்விளக்கைக் குறைத்து, வெள்ளைக் காட்சி வரும்போது கூட்டி, இரண்டையும் வகுத்து வருகிற எண் அது. நீங்கள் வேலை செய்கிற ஒரு படத்துக்குள் சாதாரண ஐபிஎஸ் திரையில் கிடைப்பது சுமார் ஆயிரத்துக்கு ஒன்றுதான். அதுவே போதும். தவிர, நிறம் பார்க்கிறவர் அந்த டைனமிக் சமாசாரத்தை முதல் வேலையாக அணைத்து வைக்கவேண்டும். படத்துக்குப் படம் வெளிச்சத்தை மாற்றும் திரையில் எப்படி வெளிச்சத்தை அளப்பது?

மூன்றாவது, என்டிஎஸ்சி கணக்கு. லேப்டாப் விவரப் பட்டியலில் ‘45 சதவிகிதம் என்டிஎஸ்சி’ என்றோ ‘72 சதவிகிதம் என்டிஎஸ்சி’ என்றோ பார்த்திருப்பீர்கள். 1953ல் அமெரிக்கக் கலர் டிவிக்காக வகுத்த நிற எல்லை அது. இன்றைக்கு நாம் படங்களைச் சேமிப்பது அதில் இல்லை. எச்பியும் மைக்ரோசாப்டும் சேர்ந்து 1996ல் முன்மொழிந்த எஸ்ஆர்ஜிபி என்கிற எல்லையில்தான் இணையம் முழுக்க ஓடுகிறது. 72 சதவிகித என்டிஎஸ்சி என்பது பரப்பளவில் சுமாராக முழு எஸ்ஆர்ஜிபிக்குச் சமம். 45 என்றால் எஸ்ஆர்ஜிபியில் முக்கால் பங்குகூடத் தேறாது. அந்த லேப்டாப்பில் கல்யாண ஆல்பம் செய்வது, ச ரி க ம ப வரைக்கும்தான் கட்டை இருக்கிற ஆர்மோனியத்தில் கச்சேரி செய்வது மாதிரி. மிச்ச ஸ்வரத்தைக் கற்பனைதான் செய்துகொள்ளவேண்டும்.

‘ஒரு மில்லி செகண்ட், 144 ஹெர்ட்ஸ்’ என்பதெல்லாம் துப்பாக்கிச் சண்டை விளையாடுபவர்களுக்கு. மணப்பெண் போட்டோவில் ஓட மாட்டாள். ‘எச்டிஆர்’ என்று ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில், அடிமட்டத் தரச்சான்றுக்கும் உச்சத் தரச்சான்றுக்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். அச்சுக்கும் ஆல்பத்துக்கும் வேலை செய்பவருக்கு அதனால் பைசா பிரயோசனம் இல்லை.

ஒரு கடையில் விற்பனையாளரிடம் கேட்டுப் பார்த்தேன்.

‘இது எஸ்ஆர்ஜிபி எத்தனை சதவிகிதம் கவர் பண்ணும் தம்பி?’

‘சார், இது புல் எச்டி சார்.’

‘அது தெரியுது. கலர் எப்படி?’

‘கலர் சூப்பரா இருக்கும் சார். இந்தாங்க, டெமோ வீடியோ போடறேன்.’

கிளியும் பஞ்சவர்ணப் பூவும் எரிமலையும் வந்து போயின. கண்ணைப் பறித்தது. தம்பியை நான் குறை சொல்லவில்லை. அவருக்குச் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான். ஷோரூமில் வெளிச்சத்தையும் நிறத்தையும் உச்சத்தில் வைத்திருப்பதே வாங்குபவரை மயக்கத்தான். வேலை செய்ய வாங்குபவர் மயங்கக்கூடாது. எந்தத் திரையில் எல்லாப் படமும் அழகாகத் தெரிகிறதோ, அந்தத் திரை வேலைக்கு ஆகாது. மோசமான படத்தை மோசமாகக் காட்டுகிற திரைதான் நமக்கு வேண்டும். நிலைக்கண்ணாடியும் முகஸ்துதியும் ஒன்றாக இருக்க முடியாது.

அப்படியானால் என்னதான் பார்த்து வாங்குவது? ரொம்பக் கொஞ்சம்.

ஒன்று, ஐபிஎஸ் வகைத் திரை. 1996ல் ஹிடாச்சி சந்தைக்குக் கொண்டுவந்த தொழில்நுட்பம் இது. பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் அவ்வளவாக மாறாது. டிஎன் திரையில் நாற்காலியைக் கொஞ்சம் தாழ்த்தினாலே படம் வேறு மாதிரித் தெரியும். இன்றைக்குப் பத்தாயிரம் ரூபாய் அளவிலேயே ஐபிஎஸ் கிடைக்கும்போது டிஎன் வாங்க ஒரு காரணமும் இல்லை.

இரண்டு, எஸ்ஆர்ஜிபியை ஏறக்குறைய முழுசாகக் கவர் செய்யவேண்டும். 99, 100 என்று இருக்கவேண்டும். கவனியுங்கள், ‘125 சதவிகிதம் எஸ்ஆர்ஜிபி’ என்று போட்டிருந்தால் அது கவர் செய்வதைச் சொல்லவில்லை, பரப்பளவைச் சொல்கிறது. பக்கத்து மனையில் நாலடி உள்ளே போய்க் கட்டிவிட்டு, சொந்த மனையில் ரெண்டடி விட்டுவிட்டால்கூட மொத்தப் பரப்பு அதிகம்தான்.

மூன்று, டெல்டா ஈ. காட்டவேண்டிய நிறத்துக்கும் காட்டுகிற நிறத்துக்கும் உள்ள தூரம் அது. சராசரி 2க்குக் கீழே இருந்தால் சாதாரணக் கண்ணுக்கு வித்தியாசம் தெரிவது கஷ்டம். தொழிற்சாலையிலேயே அளந்து, அந்தத் திரைக்கென்று தனியாக ஒரு ரிப்போர்ட் பெட்டிக்குள் வைத்துத் தருகிற மாடல்கள் இருக்கின்றன. அதைக் கேட்டு வாங்குங்கள்.

நான்கு, அளவும் புள்ளி நெருக்கமும். 24 அங்குலத்துக்குப் புல் எச்டி பரவாயில்லை. அதே புல் எச்டியை 27 அங்குலத்தில் இழுத்தால் அங்குலத்துக்கு 82 புள்ளிதான். எழுத்தும் முடியும் பிசிறடிக்கும். 27 வேண்டுமானால் 2560க்கு 1440 எடுங்கள், 109 புள்ளி கிடைக்கும். 4கே என்றால் 163. ‘பெரிசா இருந்தாப் போதும்’ என்பது தப்பு என்று இந்தக் கணக்கே சொல்கிறது.

இன்னொரு பக்கம் பணம் படைத்த தப்பும் ஒன்று உண்டு. ‘அடோபி ஆர்ஜிபி 99 சதவிகிதம்’ என்று கேட்டதும் ஒரு லட்சம் எடுத்து வைப்பவர்கள். அடோபி ஆர்ஜிபியின் ஜாதகமே வேடிக்கை. 1998ல் போட்டோஷாப் 5 தயாரிக்கும்போது அடோபிக்காரர்கள் ஒரு டிவி தர ஆவணத்திலிருந்து எண்களை எடுத்தார்கள். எடுத்தது தவறான இடத்திலிருந்து. போதாக்குறைக்கு ஓர் எண்ணைத் தப்பாகவும் தட்டச்சு செய்தார்கள். திருத்தலாம் என்று பார்த்தால், அச்சு வேலை செய்பவர்களுக்கு அந்தத் தப்பு பிடித்துவிட்டது. பச்சை, நீலப்பச்சைப் பக்கம் எஸ்ஆர்ஜிபியைவிட இடம் அதிகம். அதனால் பெயரை மட்டும் மாற்றி அப்படியே வைத்துக்கொண்டார்கள்.

உயர்தர அச்சு, கலைப் படைப்புகளின் பிரதி என்று வேலை செய்பவர்களுக்கு அந்த அகலமான எல்லை அவசியம். ஜப்பானின் ஐசோ நிறுவனம் தனக்குத்தானே அளந்துகொள்கிற சென்சாரைத் திரையிலேயே பொருத்தித் தருகிறது. அந்த வேலைக்கு அந்த விலை நியாயம். ஆனால், இன்ஸ்டாகிராமுக்கும் வாட்ஸ்அப்புக்கும் படம் அனுப்புபவருக்கு எதற்கு? அகல எல்லைத் திரையை அதற்குரிய செட்டிங் இல்லாமல் ஓட்டினால், சாதாரணப் படமே அதில் சாயம் பூசிக்கொண்டு தெரியும். சிவப்பு எரியும், முகம் ஆரஞ்சாகும். பையன் சிவப்பைக் குறைப்பான். மற்றவர்கள் திரையில் முகம் செத்துப்போயிருக்கும். லட்ச ரூபாய் கொடுத்து அதே பொய்யை வேறு திசையில் வாங்கியிருப்பார்.

ஆக, விலை மட்டும் விடையில்லை. விடை, அளப்பது.

திரைமேல் தொங்கவிட்டு நிறத்தை அளக்கிற கையடக்கக் கருவி இருக்கிறது. ஸ்பைடர் என்று ஒன்று, கேலிபரைட் என்று ஒன்று. திரையில் வரிசையாக நிறங்களைக் காட்டி, நிஜத்தில் எவ்வளவு வருகிறது என்று அளந்து, தப்பைத் திருத்துவதற்கு ஒரு கோப்பு எழுதித் தரும். கால் மணி நேர வேலை. மாதம் ஒருமுறை செய்தால் போதும். திரையைப் போட்டு அரை மணி நேரம் கழித்துச் செய்யவேண்டும். கூடவே வெளிச்சத்தை 100, 120 கேண்டெலா அளவுக்கு இறக்கவேண்டும். பெட்டியிலிருந்து எடுத்ததும் பல திரைகள் 250, 300ல் எரிகின்றன. ‘திரையில் நல்லா இருந்தது, பிரிண்ட் கறுப்பா வந்துடுச்சு’ என்கிற புகாரில் பெரும்பகுதி இந்த ஒரு பொத்தானில் தீரும். அதற்குக் காசே வேண்டாம்.

அறையையும் கவனியுங்கள். ஜன்னல் வெயில் திரைமேல் அடிக்கக்கூடாது. பின்சுவருக்கு வாஸ்துப்படி பச்சை அடித்திருந்தால் உங்கள் கண் நாள் முழுக்கப் பச்சையைக் கழித்துக்கொண்டே இருக்கும். சாம்பல் அடியுங்கள். வாஸ்து பகவான் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இதையெல்லாம் சொன்னால் மூன்று பதில் வரும்.

முதல் பதில்: ‘எல்லாரும் போன்லதான் சார் பார்க்கறாங்க. ஒவ்வொரு போன்லயும் ஒவ்வொரு கலர். நாம மட்டும் சரியா வெச்சு என்ன பண்றது?’ கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் யோசியுங்கள். மூலப் படம் சரியாக இருந்தால், ஒரு போனில் கொஞ்சம் மஞ்சளாகும், இன்னொன்றில் கொஞ்சம் நீலமாகும். சராசரி சரியாக இருக்கும். மூலமே மஞ்சள் என்றால், மஞ்சள் போனில் மஞ்சள்காமாலை. எல்லாருடைய கடிகாரமும் நாலு நிமிடம் முன்னே பின்னே ஓடுகிறது என்பதற்காக ரயில்வே ஸ்டேஷன் கடிகாரத்தை இஷ்டத்துக்குத் திருப்பி வைப்பார்களா?

இரண்டாவது பதில்: ‘இந்த மானிட்டர்ல கொஞ்சம் பச்சை தூக்கலாக் காட்டும். எங்களுக்குப் பழகிப்போச்சு, அட்ஜஸ்ட் பண்ணிக்குவோம்.’ இருபது வருட அனுபவசாலிகள் சொல்வது இது. அவர்கள் திறமையை நான் மதிக்கிறேன். ஆனால் எல்இடி விளக்கும் வயதாக வயதாக மங்கும், நிறம் மாறும். போன வருடம் பழகிய பச்சை இந்த வருடம் அதே பச்சை இல்லை. தவிர, அந்த அனுபவசாலி வேலையை விட்டுப் போனால் அந்தப் பழக்கமும் கூடவே போய்விடும். அடுத்து வருகிற பையனுக்கு யார் சொல்வார்கள், இந்தத் தராசில் கிலோவுக்கு ஐம்பது கிராம் குறையும் என்று?

மூன்றாவது பதில்: ‘அவ்வளவு காசுக்கு எங்கே சார் போறது?’ இதற்குத்தான் பி.காம். நல்ல மானிட்டர் 25 ஆயிரம், அளக்கும் கருவி 20 ஆயிரம் என்றே வைத்துக்கொள்வோம். மொத்தம் 45 ஆயிரம். ஐந்து வருடத்துக்கு வகுத்தால் மாதம் 750 ரூபாய். ஸ்டூடியோவில் மாதத்துக்கு டீ, பிஸ்கட் செலவு இதைவிட அதிகம். ஓர் ஆல்பம் மறுபடி அச்சடித்தால் அதில் பல மாதத் தவணை போய்விடும்.

அதுவும் முடியாதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. கருவி மாதத்துக்குக் கால் மணி நேரம்தான் தேவை. மிச்ச நேரமெல்லாம் மேஜை டிராயரில் தூங்கும். ஒரு தெருவில் பத்து ஸ்டூடியோ இருந்தால் பத்துக் கருவி எதற்கு? ஊருக்கு ஊர் போட்டோகிராபர் சங்கம் இருக்கிறது, அச்சக உரிமையாளர் சங்கம் இருக்கிறது. ஆண்டு விழா நடத்தி, மேடை போட்டு, ஒருவருக்கொருவர் பொன்னாடை போர்த்திக்கொள்கிறார்கள். ஒரு வருடம் பொன்னாடையை நிறுத்திவிட்டு ஒரு கருவி வாங்குங்கள். உறுப்பினர்கள் முறைவைத்து எடுத்துப் போகட்டும். சங்கம் என்பது அதற்குத்தானே?

கல்லூரிகளையும் விட முடியாது. விஸ்காம் படிப்பு இல்லாத கலைக் கல்லூரியைத் தேடவேண்டியிருக்கிறது. நான் பார்த்த லேப்கள் சிலவற்றில் வரிசையாக இருபது மானிட்டர்கள், இருபதிலும் ஒரே படத்தைப் போட்டால் இருபது நிறம். எந்த டெண்டர் குறைவோ அதை எடுத்திருப்பார்கள். மூணு வருடம் பீஸ் கட்டி, போட்டோஷாப்பில் எல்லா வித்தையும் கற்று, அளக்கும் கருவி ஒன்றைக் கண்ணால்கூடப் பார்க்காமல் ஒரு பையன் வெளியே வருகிறான். நேராக ஸ்டூடியோவில் அந்த ஏழாயிரம் ரூபாய்ப் பெட்டிக்கு முன்னால் போய் உட்காருகிறான். அவனுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியவர்கள் சொல்லிக்கொடுக்கவில்லை. வாங்கிக்கொடுக்க வேண்டியவர் வாங்கிக்கொடுக்கவில்லை. கடைசியில் அபராதம் மட்டும் அவனுக்கு.

முதலாளிகளுக்கு ஒரு வார்த்தை. மளிகைக் கடையில் தராசு தப்பாக இருந்தால், பொட்டலம் கட்டிய பையனை யாரும் பிடிப்பதில்லை. கடைக்காரரைத்தான் பிடிப்பார்கள். தராசு கடைக்காரருடையது, அதைச் சரியாக வைத்திருப்பதும் அவர் பொறுப்பு. உங்கள் கடைக்கும் அதே நியாயம்தான். அளக்காத மானிட்டரில் வேலை வாங்கிவிட்டு நிறம் மாறியதற்குச் சம்பளத்தில் பிடிக்க உங்களுக்கு உரிமை கிடையாது.

டிசைன் செய்கிற தம்பி, தங்கைகளுக்கும் ஒன்று. அடுத்த முறை ஆல்பம் திரும்பி வந்து, முதலாளி உங்களைக் கூப்பிட்டு நிறுத்தினால் தலையைக் குனிந்துகொண்டு நிற்காதீர்கள். மரியாதையாக ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘சார், இந்த மானிட்டரைக் கடைசியா எப்ப அளந்தோம்?’